அம்மா ஐந்தாம் வகுப்புக்குப் போன வருடம்

நான் மூன்றாம் வகுப்பில் படித்த வருடம் என் அம்மா ஐந்தாம் வகுப்பு 'பி' பிரிவில் இருந்தாள். அம்மா என்ன செய்கிறாள் என்று யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். கேட்டவர்களில் சிலர் சிரிப்பார்கள். சிலர் சிரிக்காமல் என் தலையைத் தடவிவிட்டுப் போவார்கள். ஒரே பதிலுக்கு ஏன் இரண்டு விதமாக நடந்துகொள்கிறார்கள் என்று எனக்கு விளங்காது. சிரித்தவர்களுக்கு எங்கள் வீட்டு விஷயம் தெரியாது, தடவியவர்களுக்குத் தெரியும் என்பது பல வருடம் கழித்துத்தான் புரிந்தது.

ஆனையூரில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். எல்.கே.ஜி.யில் தொடங்கி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க அவரவர் வசதிப்படி வேறு பள்ளிக்குப் போக வேண்டும். அப்பா கோரிப்பாளையத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் வேலை பார்த்தார். காலையில் எங்களுக்கு முன்னால் கிளம்பிப் போனால் கடை சாத்திய பிறகுதான் வருவார். அம்மா வீட்டில் இருந்தாள். அண்ணன் என்னைவிட இரண்டு வகுப்பு மேலே படித்தான்.

அண்ணன் நாலாம் வகுப்பில் இருந்தபோது, தீபாவளி கழிந்து மழை விட்டிருந்த ஒரு வாரத்தில், அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் நாள் இறந்துபோனான். அந்த நாளைப் பற்றி எனக்கு நினைவிருப்பதெல்லாம் பக்கத்து வீட்டில் என்னை உட்காரவைத்து, கேட்கக் கேட்க பிஸ்கட் கொடுத்தார்கள் என்பதுதான். ஒரு முழு பாக்கெட்டை நான் ஒருத்தியே தின்றேன். யாரும் போதும் என்று சொல்லவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும், அண்ணனுடைய சாமான்களை எடுத்துப்போகச் சொல்லி அம்மாவுக்கு ஆள் வந்தது. கிரேயான் டப்பா, படம் வரையும் நோட்டு, மழைக்கோட்டு. அம்மா போன நேரம் மதியச் சாப்பாட்டு வேளை. நாலாம் வகுப்பு பி பிரிவில் நாற்பது பிள்ளைகளும் ஒரே ஒரு மிஸ்ஸும். அண்ணனின் பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்காரும் ஷாகுல், தன் டிபன் பாக்ஸைத் திறக்க முடியாமல் மூடியைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான். அந்த டப்பாவை அதுவரை தினமும் திறந்துகொடுத்தது அண்ணன்தான். அம்மா போய் அதைத் திறந்துகொடுத்தாள். பிறகு அடுத்த பெஞ்சில் ஒரு பெண்ணின் தண்ணீர் பாட்டில். பிறகு கீழே கொட்டிய சோற்றைக் கூட்டி அள்ளினாள். மணி அடித்தபோது மிஸ், "ரொம்ப ஒத்தாசையா இருந்துச்சுங்க" என்றாராம். மறுநாளும் அம்மா போனாள்.

அந்த வருடம்தான் பள்ளியில் 'பெற்றோர் தன்னார்வலர்' என்று ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். வாசல் பலகையில் அறிவிப்பு ஒட்டி மாதங்கள் ஆகியிருந்தன. ஆண்டுவிழாவுக்குப் பலூன் கட்ட வந்த இரண்டு பேரைத் தவிர யாரும் எட்டிப்பார்க்கவில்லை. எனவே பெரிய மிஸ் (தலைமையாசிரியையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) அம்மாவுக்கு நீல நாடா போட்ட ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்தார். அதில் அம்மாவின் பெயருக்குக் கீழே, மாணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரையும், வகுப்பு என்ற இடத்தில் '4-பி' என்றும் எழுதியிருந்தது. நான் அப்போது இரண்டாம் வகுப்பு. எழுதிய கிளார்க் தவறாக எழுதிவிட்டார் என்று நினைத்து அம்மாவிடம் காட்டினேன். "இருக்கட்டும்டி" என்றாள்.

சொந்தக்காரர்களுக்கெல்லாம் நிம்மதி. மனதைத் தேற்றிக்கொண்டு வெளியே போய்வர ஆரம்பித்துவிட்டாள் என்று சித்தி ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். அப்பாவுக்கும் நிம்மதிதான். நவம்பரிலும் டிசம்பரிலும் அம்மா அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் மேல் ஒன்றும் வைக்காமல் நின்றுகொண்டிருப்பாள். இப்போது ஏழு மணிக்கெல்லாம் சமையல் முடிந்து, குளித்து, புடவை மடிப்பு கலையாமல் கட்டிக் கிளம்புகிறாள். இதைவிட என்ன வேண்டும்.

ஜூன் மாதம் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போனார்கள். அம்மாவும் அவர்களோடு ஐந்தாம் வகுப்புக்குப் போனாள். அட்டையில் நாலை அடித்து ஐந்து போட்டுக்கொடுத்தார்கள்.

நான் மூன்றாம் வகுப்பு 'ஏ'. எங்கள் வகுப்புக்கும் ஒரு தன்னார்வலர் வந்துகொண்டிருந்தார், என் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மா. அவர் முதலில் தன் மகனுக்கு ஊட்டிவிட்டுத்தான் மற்றவர்களைப் பார்ப்பார். அதுதான் முறை என்று எனக்குப் பட்டது. என் அம்மாவோ மாடியில் யார் யாருடைய பிள்ளைகளுக்கோ தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். எனக்கு மாடிக்குப் போக வேலை இல்லை. ஆனாலும் தண்ணீர் பிடிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மாடிக் குழாய்க்குப் போகிற சாக்கில், ஐந்து பி-யின் வாசலை மெதுவாகக் கடந்துபோவேன். அம்மா பார்ப்பாள் என்று. ஒருநாள் பார்த்தாள். "என்ன பாப்பா, தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். வழியில் போகிற எந்தப் பிள்ளையையும் கேட்பது மாதிரி. ஆமாம் என்றேன். என் பாட்டிலை வாங்கி நிரப்பிக்கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டில் அம்மா பேசியதெல்லாம் ஐந்து பி-யைப் பற்றித்தான். யாருக்கு முன்பல் விழுந்தது, யாருக்குச் செருப்பு பத்தவில்லை, யார் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் வந்துவிட்டார்கள். ஷாகுல் இப்போது கத்தரிக்காய் சாப்பிடுகிறான். ஷாகுலுக்குக் கையெழுத்து நேராகிவிட்டது. அப்பா சோற்றைப் பிசைந்தபடி உம் கொட்டுவார். என் வாய்ப்பாடு எதுவரை வந்திருக்கிறது என்று கேட்கமாட்டார்களா என்று நான் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பேன். பன்னிரண்டு வரை வந்திருந்தது.

ஜூன் கடைசியில் உயரமும் எடையும் பார்க்கும் நாள் வந்தது. சுவரில் அளவு நாடாவை ஒட்டி, ஒவ்வொரு பிள்ளையின் தலைமேலும் ஸ்கேலை வைத்து உயரம் சொல்லும் வேலை அம்மாவுக்கு. எங்கள் வரிசை அடுத்ததாக நின்றதால் எல்லாவற்றையும் பார்த்தேன். ஷாகுல் வந்து நின்றான். அம்மா அளவு சொன்னாள், மிஸ் எழுதினார். அவன் போனதும், "ஷாகுல், இன்னொரு தடவை வாடா" என்றாள். வந்தான். "செருப்பைக் கழட்டிட்டு நில்லு." நின்றான். மூன்றாவது முறை அவனைக் கூப்பிட்டு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை தன் விரலால் சாண் போட்டு அளந்தாள். பேனாவால் தன் உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டாள். என் முறை வந்தபோது ஒரே தடவையில் முடித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் எனக்குச் சீருடை தைக்கக் கொடுக்க டைலர் கடைக்குப் போனோம். எங்கள் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே நீலக் கட்டம் போட்ட சட்டை. பெண்களுக்கு அதன்மேல் பினஃபோர், பையன்களுக்கு அரைக்கால் டவுசர். டைலர் என்னை அளந்து முடித்ததும் அம்மா தன் உள்ளங்கையைப் பார்த்து இன்னொரு அளவும் சொன்னாள்.

"பையனுக்கா அக்கா?" என்றார் டைலர். புதிதாகக் கடை போட்டவர்.

"ஆமா. அஞ்சாவது போயிட்டான்."

எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. அண்ணன் இருந்திருந்தால் ஐந்தாவதுதானே போயிருப்பான்.

அந்தச் சட்டையும் டவுசரும் பீரோவில் அண்ணனின் தட்டில் ஏறின. அங்கே ஏற்கெனவே நாலாம் வகுப்புச் சீருடை இருந்தது. ஒருநாள் காலையில் அப்பா பீரோவைத் திறந்தவர் அந்தப் புதுத் துணியைப் பார்த்துவிட்டார். விலைச்சீட்டு மாதிரி டைலரின் துண்டுத்தாள் காலரில் குத்தியிருந்தது. அப்பா தன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அவர் அம்மாவிடம் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். "வாரேன்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

ஆண்டுவிழாவில் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டுச் 'சிறந்த பெற்றோர் தன்னார்வலர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அப்பா கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். பெரிய மிஸ் மைக்கில், இந்த அம்மா ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை, ஆசிரியர்களே இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். ஐந்து பி பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஷாகுல் மட்டும் தட்டவில்லை, தன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் ஷாகுலுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வாசலிலேயே நின்று பேசினார். "அக்கா, நீங்க குடுக்குறதத் தின்னுட்டு அவன் வீட்டுச் சோத்த அப்பிடியே திருப்பிக் கொண்டாரான். உங்களுக்கும் சிரமம். இனிமே வேணாங்க்கா." அம்மா சரி சரி என்று தலையாட்டினாள். மறுநாளும் இரண்டு டப்பாக்கள் கட்டினாள். எனக்கு ஒன்று, ஷாகுலுக்கு ஒன்று. எனக்குத் தயிர்சாதம். அவனுடையதில் முட்டை இருந்தது. அண்ணனுக்குப் பிடித்த மாதிரி மிளகு தூக்கலாகப் போட்ட முட்டை.

மார்ச் மாதம் ஐந்தாம் வகுப்புக்கு வழியனுப்பு விழா. அதற்கு முந்தின நாள் குழுப்படம் எடுப்பது வழக்கம். அன்று காலை அம்மா வழக்கமான கைப்பையோடு ஒரு துணிப்பையும் எடுத்துக்கொண்டாள். என் ரிப்பனைக் கட்டும்போது அவள் கை சில்லென்று இருந்தது. ஆனால் முகம் நன்றாக இருந்தது. விருந்துக்குப் போகிறவள் முகம் மாதிரி இருந்தது.

பதினோரு மணி இருக்கும். எங்கள் வகுப்பு வாசலில் அம்மா வந்து நின்றாள். அந்த ஒன்பது மாதத்தில் என் வகுப்பு வாசலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. "மிஸ், பாப்பாவைக் கொஞ்சம் அனுப்புறீங்களா?" என்றாள். நான் எழுந்து நடந்தபோது எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கழுத்தில் அட்டை தொங்க என் அம்மா வந்து என்னைக் கேட்டு அழைத்துப்போகிறாள். அந்த நடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக நான் எங்கும் நடந்ததில்லை.

படிக்கட்டுக்கு அடியில் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறைக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள். துணிப்பையிலிருந்து அந்த ஐந்தாம் வகுப்புச் சட்டையையும் டவுசரையும் எடுத்தாள். என் பினஃபோரைக் கழற்றிவிட்டு அவற்றைப் போட்டுவிட்டாள். சட்டை முழங்கால் வரை வந்தது. அதை டவுசருக்குள் திணித்து, டவுசரை இடுப்பில் ஊக்கு குத்தி நிறுத்தினாள். கைகளை இரண்டு மடிப்பு மடித்தாள். என் இரட்டைச் சடையை அவிழ்க்கவில்லை. அப்படியே காலருக்குள்ளே விட்டு முதுகுப்பக்கம் தள்ளினாள். துணியில் புதுக் கஞ்சி வாசனை வந்தது. ஒரு அடி பின்னால் போய் நின்று என்னைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து என் முன்முடியைத் தண்ணீர் தொட்டு இடதுபக்கம் வகிடு எடுத்துச் சீவினாள்.

"எதுக்கும்மா?"

"போட்டோ எடுக்கலாம்."

ஐந்து பி-யின் போட்டோவில் நான். மூன்றாம் வகுப்பில் வேறு யாருக்கும் கிடைக்காதது. எதுக்கு என்று நான் மறுபடி கேட்கவில்லை, கேட்டால் அவள் மனம் மாறிவிடுமோ என்று பயம்.

மைதானத்தில் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்தியிருந்தார்கள். அப்படி நிறுத்தியதும் அம்மாதான். கீழே சம்மணமிட்டு ஒரு வரிசை, மிஸ்கள் நாற்காலியில், பின்னால் நிற்பவர்கள் ஒரு வரிசை, அதற்கும் பின்னால் பெஞ்சுமேல் ஒரு வரிசை. பெஞ்சு வரிசையில் ஷாகுல் நின்றிருந்தான். அவனுக்கு இடதுபக்கம் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. கேமராக்காரர் முக்காலிக்குப் பின்னாலிருந்து, "அக்கா, அந்த இடைவெளிய அடைச்சு நிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிஷம் அண்ணே. ஆள் வந்தாச்சு" என்றாள் அம்மா.

என்னைத் தூக்கி அந்த இடத்தில் பெஞ்சின்மேல் நிறுத்தினாள். நான் குள்ளம். ஷாகுலின் தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டேன். அம்மா ஓடிப்போய் மரத்தடியிலிருந்து இரண்டு செங்கல்லை எடுத்துவந்து என் காலுக்கடியில் வைத்தாள். இப்போது ஷாகுலின் காது மட்டத்துக்கு வந்தேன். பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு தானாக நின்றுபோனது.

"தோள்ல கை போட்டுக்கடா" என்றாள் அம்மா ஷாகுலிடம். "எப்பவும் அப்பிடித்தான நிப்பீங்க ரெண்டு பேரும்."

அவன் கையை என் தோளில் வைத்தான். வியர்த்து நனைந்த கை. நான் பல் தெரியச் சிரித்தேன்.

"ஆன்ட்டி, இது பாப்பா" என்றான் ஷாகுல், மெல்லிய குரலில்.

"தெரியும்டா. இடம் காலியா இருக்கக் கூடாதுல்ல."

அவன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டான். "எனக்கு வேணாம் ஆன்ட்டி" என்றான். எது வேண்டாம் என்று சொல்லவில்லை. பெஞ்சிலிருந்து குதித்து வகுப்பைப் பார்த்து ஓடினான். அவன் அழுதுகொண்டே ஓடுவதைப் பார்த்து முன்வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அதன்பிறகு யார் யாரோ அழுதார்கள். அண்ணனுக்காக அந்த வகுப்பு அதற்குமுன் அழுததா என்று எனக்குத் தெரியாது. அன்று அழுதது.

பெரிய மிஸ் அறையிலிருந்து வேகமாக வந்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "பாப்பாவை இறக்குங்கம்மா" என்றார்.

"ஒரே ஒரு படம் மிஸ்."

"வேணாம்மா. சொன்னாக் கேளுங்க."

அம்மா குரலை உயர்த்தவே இல்லை. "இவங்கள்லாம் ஜூன் மாசம் வேற வேற ஸ்கூலுக்குப் போயிருவாங்க மிஸ். அதுக்கப்புறம் அவன் எம்புட்டு வளந்திருக்கான்னு நான் எங்க போயிப் பாக்குறது?"

பெரிய மிஸ் அம்மாவின் கையைப் பிடித்தார், பிடித்தபடியே மெதுவாக அவளை நாற்காலியில் உட்காரவைத்தார். ஐந்து பி மிஸ் பிள்ளைகளை வரிசையாக வகுப்புக்குக் கூட்டிப்போனார். கேமராக்காரர் கேமராமேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். என்னை மட்டும் யாரும் இறங்கச் சொல்லவில்லை. ஆடாமல் நிற்க வேண்டும் என்று கேமராக்காரர் முதலிலேயே சொல்லியிருந்தார். எனவே அந்த இரண்டு செங்கல்மேல், காலியான பெஞ்சில், வெயிலைப் பார்த்துச் சிரித்தபடியே நின்றுகொண்டிருந்தேன். கன்னம் வலித்தது.

அப்பா கோரிப்பாளையத்திலிருந்து டி.வி.எஸ்.ஸில் வந்து சேர்ந்தார். கடையில் அவர் கண்ணில் மாட்டிக்கொள்ளும் சின்ன லென்ஸ் கயிற்றோடு கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்குள் நுழைந்து நாலு எட்டு நடந்தவர், பெஞ்சின்மேல் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. அண்ணனை அவர் தம்பி என்றுதான் கூப்பிடுவார். இப்போது நினைத்தால் அந்த வாயசைவு அதுதான் என்று தோன்றுகிறது. அப்போதோ, புதுச் சட்டையில் அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை என்று நினைத்து, "அப்பா, நான்தான்" என்று கையை ஆட்டினேன்.

அவர்தான் என்னை இறக்கினார். படிக்கட்டு அறையில் என் பினஃபோரைப் போட்டுவிட்டார். பொத்தானை ஒன்று விட்டு ஒன்று மாற்றிப் போட்டார், நான் சொல்லியும் அவர் காதில் விழவில்லை. வெளியே பெரிய மிஸ் அவரிடம், "தப்பு எங்க மேலயும்தாங்க சார். ஒத்தாசையா இருக்காங்கன்னு விட்டுட்டோம்" என்றார்.

"நானும் அப்பிடித்தான் மேடம் விட்டுட்டேன்" என்றார் அப்பா.

மூன்று பேரும் ஒரே வண்டியில் வீட்டுக்கு வந்தோம். நான் முன்னால் நின்றுகொண்டேன். அம்மா பின்னால், அந்தச் சட்டையையும் டவுசரையும் மடித்து மடியில் வைத்திருந்தாள். படம் எடுக்காமலேயே போய்விட்டதே என்பதுதான் வழியெல்லாம் என் கவலை.

அதற்குப் பிறகு அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. என் பள்ளிக்கு மட்டுமில்லை, எந்தப் பள்ளிக்கும். என் பத்தாம் வகுப்பு ரேங்க் கார்டை வாங்க, கல்லூரியில் சேர்க்க, பட்டம் வாங்கியபோது பார்க்க, எல்லாவற்றுக்கும் அப்பாதான் வந்தார். வைத்தியம் பார்த்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். அம்மா சமைத்தாள், துவைத்தாள், கேட்டால் பதில் சொன்னாள். உயிரோடிருக்க ஒரு ஆள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். எனக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தாள். பேத்தியை ஒரு நாள்கூட அம்மா பள்ளிக்கூடம் வரை கூட்டிப்போனதில்லை, அந்தத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டுதான் கடைக்கே போவாள். ஷாகுலை நான் பிறகு ஒரே ஒரு முறை பார்த்தேன், கோரிப்பாளையத்தில், சிக்னலுக்காக நின்றபோது. மீசை வைத்து, நல்ல உயரமாக, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து வண்டியில் போனான். அதை அம்மாவிடம் சொல்லலாமா என்று வீடு வரைக்கும் யோசித்தேன். சொல்லவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த மே மாதத்தைப் பற்றி.

பரீட்சை முடிந்து லீவு விட்டிருந்தது. அப்பா கடைக்குப் போய்விடுவார். அம்மா காலை வேலைகளை முடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். வீட்டில் நான் மட்டும் நடமாடிக்கொண்டிருப்பேன். என்ன தப்பு நடந்தது என்று அந்த நாட்களில் நானே உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நான் குள்ளமாக இருந்ததுதான் தப்பு. செங்கல் வைத்தும் காது வரைக்கும்தான் எட்டினேன். அதனால்தான் ஷாகுல் கோபித்துக்கொண்டு ஓடினான், பெரிய மிஸ் வந்தார், படம் நின்றுபோனது, அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். நான் மட்டும் அண்ணன் உயரம் இருந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும்.

என் வகுப்புப் பெண் ஒருத்தி, கம்பியில் தொங்கினால் உயரமாகலாம் என்று சொல்லியிருந்தாள். எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி காயப்போடுவதற்காக இரண்டு தூணுக்கு நடுவே குறுக்காக ஒரு இரும்புக் குழாய் இருந்தது. வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி அதைப் பிடித்துக்கொண்டு, வாளியைக் காலால் தள்ளிவிட்டுத் தொங்குவேன். முதல் நாள் பத்து எண்ணுவதற்குள் விழுந்தேன். பிறகு இருபது. உள்ளங்கை கொப்பளித்து உடைந்தது. அப்பாவிடம் காட்டவில்லை. மாதக் கடைசியில் ஐம்பதுக்குக் கொஞ்சம் முன்னால் வரைக்கும் வந்திருந்தேன்.

ஒருநாள் மதியம், குழாய் சுடாமல் இருக்க அதில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தேன். வாளி உருண்ட சத்தம் கேட்டோ என்னவோ, அம்மா எழுந்து பின்வாசலுக்கு வந்தாள். தலைமுடி கலைந்து, கண் கூசி, சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"என்னடி பண்ற?"

பல நாள் கழித்து அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"வளர்றேம்மா" என்றேன். "அடுத்த போட்டோவுக்குள்ள அண்ணன் உசரம் வந்துருவேன். செங்கல் வேண்டியிருக்காது."

அம்மா வெறுங்காலோடு அந்தச் சூட்டுத் தரையில் நடந்து வந்தாள். தொங்கிக்கொண்டிருந்த என் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். முகத்தை என் முழங்காலில் வைத்து அழுத்தினாள். அவள் உடம்பு குலுங்கியது, அதில் நானும் குழாயோடு சேர்ந்து குலுங்கினேன்.

"விட்டுருடி" என்றாள். "கைய விட்டுரு."

"இன்னும் பத்து இருக்கும்மா."

அவள் பிடி இன்னும் இறுகியது. என்னைக் கீழ்நோக்கி இழுத்தாள். நான் சீக்கிரம் நீளமாக வேண்டும் என்றுதான் இழுக்கிறாள், அம்மா எனக்கு உதவி செய்கிறாள் என்று நினைத்தேன். சந்தோஷத்தில் எனக்கு மூச்சு முட்டியது. கண்ணை மூடிக்கொண்டு, என் முழு பலத்தையும் சேர்த்து, குழாயை விடாமல் பிடித்துக்கொண்டேன்.